ஓரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்: மாடல் டாங்கிக்கு ஸ்டென்சில் வைத்துக் கேமோ அடிப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான். 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35ல் ஒரு பங்கு அளவில், இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் பாந்தர் டாங்கி ஒன்று கட்டி முடித்தாயிற்று. மஞ்சள் அடிநிறத்தின் மேல் பச்சையும் செம்பழுப்பும் பட்டை பட்டையாக, கேமோவாக (எதிரி கண்ணில் படாமல் மறைக்கும் வண்ணமாக) வர வேண்டும். மாஸ்கிங் டேப்பில் ஸ்டென்சில் வெட்டி ஒட்டி அடித்துப் பார்த்தால், ஓரங்கள் கலர் பேப்பரை வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கின்றன. சில இடங்களில் டேப்புக்கு அடியில் பெயிண்ட் கசிந்திருக்கிறது. ஓர் இடத்தில் டேப்போடு சேர்ந்து மஞ்சளும் உரிந்து வந்துவிட்டது. கையில் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் சின்னக் கருவி) இருக்கிறது. எந்த மாஸ்க் (பெயிண்ட் படக்கூடாத இடத்தை மூடும் பொருள்) வாங்குவது, எப்படி அடிப்பது?

கசிவதும் உரிவதும் கைப்பழக்கம் சம்பந்தப்பட்டவை. இரண்டையும் சரிசெய்துவிடலாம், கீழே சொல்கிறேன். முதலில் சொன்ன குறைதான் பெரியது. அங்கே டேப் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. கூர்மையான ஓரம் கொடுப்பதுதான் டேப்பின் வேலை. இந்தப் பாந்தருக்குத் தேவைப்பட்டது கூர்மையான ஓரம் இல்லை. எந்த மாஸ்க் என்று கேட்பதற்கு முன்னால், நிஜ வண்டியில் அந்தக் கேமோவை யார், எதை வைத்து அடித்தார்கள் என்று கேளுங்கள். அது தெரிந்தால் ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஓரம் தெரிந்தால் மாஸ்க் தானாக முடிவாகிவிடும்.

1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் பழைய அடர்சாம்பலை விட்டுவிட்டு, தொழிற்சாலையிலிருந்தே வண்டிகளை டுங்கெல்கெல்ப் என்ற அடர்மஞ்சளில் அனுப்பத் தொடங்கியது. ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பசை வடிவில் படைப்பிரிவுகளுக்குப் போயின. வண்டியில் இருந்தவர்கள் அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, ஸ்ப்ரே கன் கிடைத்தால் அதிலும், கிடைக்காவிட்டால் பிரஷ்ஷிலும் அடித்துக்கொண்டார்கள். ஒரே படைக் கம்பெனியின் இரண்டு வண்டிகள்கூட ஒன்றுபோல் இல்லாததற்கு இதுதான் காரணம். எவ்வளவு கரைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரு வண்டியில் பச்சை திட்டமாக நிற்கும், இன்னொன்றில் கீழே இருக்கும் மஞ்சள் தெரியும்படி நீர்த்துப்போயிருக்கும். ஸ்ப்ரே கன்னில் அடித்த பட்டைக்கு ஓரம் மங்கலாகத்தான் வரும். 1944 ஆகஸ்டுக்குப் பிறகு கேமோ அடிக்கும் வேலை தொழிற்சாலைக்கே போனது. அதற்கப்புறம் வந்த பல வண்டிகளில் ஓரம் கூர்மையாக இருப்பதைப் படங்களில் பார்க்கலாம். அதாவது, நீங்கள் கட்டியிருப்பது 1943 பாந்தரா, 1944 கடைசியில் வந்த பாந்தரா என்பதைப் பொறுத்தே உங்கள் டேப் ஓரம் தவறா சரியா என்பது இருக்கிறது. பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிட் பெட்டிக்குள் வரும் கலர் வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். அச்சில் எல்லா ஓரமும் கூர்மையாகத்தான் இருக்கும்.

சரி, மங்கலான ஓரம் என்றால் எவ்வளவு மங்கல்? இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். நிஜ வண்டியில் பச்சை மங்கி மஞ்சளில் கரையும் பகுதி 5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். 1/35 மாடலில் அது 1.4 மி.மீ. 1/72 மாடலில் 0.7 மி.மீ. மட்டுமே. மாஸ்க் எதுவும் இல்லாமல் ஏர்பிரஷ்ஷைக் கையில் பிடித்து அடிக்கும்போது, பழகிய கைக்கே 2 முதல் 3 மி.மீ. மங்கல் வந்துவிடும். 1/35ல் அது நிஜத்தில் 7 முதல் 10 செ.மீ. வரை, ஏற்றுக்கொள்ளலாம். அதையே 1/72ல் அடித்தால் நிஜத்தில் 14 முதல் 22 செ.மீ. ஆகிவிடும். சின்ன மாடல்களில் கையால் அடித்த கேமோ புகை படிந்த மாதிரி தெரிவது இதனால்தான். ஆக, மாடல் சின்னதாகச் சின்னதாக, மங்கலான ஓரத்துக்கும் மாஸ்க் வேண்டியிருக்கிறது. கூர்மையான ஓரத்துக்கு மட்டும்தான் ஸ்டென்சில் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் பாந்தர் 1943ல் வந்தது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். இதற்கு நான் எடுப்பது மாஸ்கிங் பட்டி, அதாவது களிமண் மாதிரிப் பிசைந்து ஒட்டும் பொருள். காகிதம் ஒட்டப் பயன்படுத்தும் ப்ளூ டேக் ஒரு வகை. மாடல் வேலைக்கென்றே வரும், சிலிக்கான் கலந்த, இழுபடுகிற பட்டி இன்னொரு வகை. ப்ளூ டேக் தன் உருவத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். சிலிக்கான் பட்டி வைத்த இடத்தில் நிற்காமல் மெதுவாக வழிந்து பரவும். மங்கல் ஓரத்துக்கு உருவம் நிற்கிற பட்டிதான் வேண்டும். ஓரத்துக்கு உள்ளே இருக்கும் பெரிய பரப்பை மூட, மேடுபள்ளங்களில் தானாக இறங்கி உட்காரும் சிலிக்கான் பட்டி வசதி.

செய்வது இப்படி. ப்ளூ டேக்கைக் கொஞ்சம் பிசைந்து, கண்ணாடி மேல் விரலால் உருட்டி, 3 மி.மீ. கனத்தில் நூடுல்ஸ் மாதிரி நீளமாக இழுத்துக்கொள்ளுங்கள். கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரத்தின் மங்கலை நிர்ணயிப்பது இந்தக் கனம்தான். மாடலின் மேல் பட்டையின் எல்லைக்கோட்டில் அதை மெதுவாக வைத்து, கீழே விழாத அளவுக்கு மட்டும் தொட்டு விடுங்கள். அழுத்தவே கூடாது. உருண்டையான பட்டி பரப்பைத் தொடுவது அதன் நடுக்கோட்டில் மட்டும்தான். அந்தக் கோட்டிலிருந்து வெளியே சுமார் ஒன்றரை மி.மீ. வரை பட்டியின் வயிறு பரப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். ஏர்பிரஷ்ஷிலிருந்து வரும் பெயிண்ட் அந்த நிழலுக்குள் கொஞ்சம்தான் நுழையும். நுழைந்த வரைக்கும் மங்கல். நேர் மேலிருந்து அடித்தால் மங்கல் குறுகும். பட்டிக்கு அடியில் போகிற மாதிரி சாய்த்து அடித்தால் விரியும். பட்டியை விரலால் தட்டையாக அழுத்திவிட்டால் ஓரம் கூர்மையாகிவிடும். ஒரே பொருள், அழுத்தத்தையும் கோணத்தையும் வைத்து மூன்று விதமான ஓரம் தருகிறது. கேமோ மாஸ்க்கில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்; டேப்புக்கு இந்த நெகிழ்வு கிடையாது.

இரண்டு எச்சரிக்கைகள். பட்டி வைத்ததும் அடித்து முடித்து எடுத்துவிடுங்கள். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் வந்து அடிக்கலாம் என்றால், சிலிக்கான் பட்டி அதற்குள் எல்லையைத் தாண்டி ஓடியிருக்கும். ப்ளூ டேக் சில பெயிண்ட்களின் மேல் எண்ணெய்க் கறை விடும். அப்புறம், பட்டியை எடுக்கும்போது இழுத்து உரிக்காதீர்கள். பட்டியின் இன்னொரு உருண்டையை எடுத்து, ஒட்டியிருப்பதன் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். கொக்கி, கைப்பிடி, மெல்லிய உலோகத் தகட்டுப் பாகங்கள் இருக்கிற இடத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் அவையும் கூடவே வந்துவிடும்.

பட்டிக்கு மாற்று ஒன்று உண்டு. கெட்டியான காகிதத்தில் பட்டையின் வடிவத்தை வெட்டி, அதன் அடியில் அங்கங்கே மிளகளவு ப்ளூ டேக் உருண்டை வைத்து, பரப்பிலிருந்து 1 மி.மீ. உயரத்தில் நிறுத்துவது. அதே மங்கல் ஓரம் வரும், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சமதளமான பக்கத் தகடுகளுக்கு இது அருமை. டரட் (பீரங்கி பொருத்திய சுழலும் கூடு) வளைவில் காகிதம் ஓர் இடத்தில் ஒட்டியும் ஓர் இடத்தில் எழும்பியும் நிற்கும். ஓரம் ஒரே சீராக வராது. 1/72 மாடலில் பக்கத் தகடு சின்னது என்பதால், கெட்டிக் காகிதத்தைக் கையிலேயே பிடித்து, அதன் வளைந்த விளிம்பை நகர்த்தி நகர்த்தி அடித்துவிடுவேன்.

கூர்மையான ஓரம் வேண்டிய வண்டிகளும் நிறைய இருக்கின்றன. அவற்றில் டேப்தான் ராஜா. 1940-41ல் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் டாங்கிகள் போட்டிருந்த காண்டர் கேமோ முழுவதும் நேர்கோடுகளால் ஆனது. பிரிகேடியர் ஜான் காண்டரின் பெயரில் வந்தது. 1980களில் மேற்கு பெர்லினில் இருந்த பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கிகள் வெள்ளை, சாம்பல், பழுப்புக் கட்டங்களில் இருந்தன. நகரத்துக் கட்டடங்களுக்கு இடையில் நிற்கும்போது வண்டியின் உருவம் உடைய வேண்டும் என்பதற்காக மேஜர் டாக்ஸ் உருவாக்கிய வடிவம் அது. மாஸ்கிங் பழக விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த பெர்லின் சீஃப்டனைத்தான். எல்லாம் நேர்கோடு, எல்லாம் கூர்மை, வளைவு வெட்டும் தொல்லை இல்லை. ஸ்வீடனின் ஸ்ட்ரிட்ஸ்வாக்ன் 122ல் வரும் உடைந்த கண்ணாடிச் சில்லு போன்ற எம்90 கேமோவும் டேப் வேலைதான். சீன டாங்கிகளில் வரும் பிக்சல் கேமோவுக்கு மட்டும் கையால் வெட்ட உட்காராதீர்கள். நிஜத்தில் 10 செ.மீ. கட்டம் 1/35ல் 2.9 மி.மீ., 1/72ல் 1.4 மி.மீ. மூலைகள் அத்தனையும் செங்கோணமாக வர வேண்டும். கட்டிங் பிளாட்டர் மெஷினில் வெட்டியது அல்லது கடையில் ரெடியாக வரும் மாஸ்க் ஷீட்தான் இதற்கு வழி.

ரெடிமேட் மாஸ்க் வாங்கும்போது அது வினைலா, மெல்லிய காகிதமா என்று பாருங்கள். வினைல் கச்சிதமாக வெட்டுப்படும், ஓரம் கத்திபோல் வரும். ஆனால் வளைந்த இடத்தில் இழுத்து ஒட்டினால் அரைமணி நேரத்தில் பழைய நிலைக்குச் சுருங்கி ஓரம் எழும்பும். ஜப்பானிய வாஷி காகிதத்தில் செய்த மஞ்சள் டேப் அப்படித் திரும்பாது. விரலால் தேய்த்த இடத்தில் அப்படியே உட்காரும். டாங்கி மாதிரி மேடுபள்ளம் நிறைந்த பொருளுக்குக் காகித மாஸ்க்தான் என் தேர்வு. வளைவான கோடு வேண்டுமென்றால் 2 அல்லது 3 மி.மீ. அகலத்தில் வரும் நெகிழும் வெள்ளை டேப்பால் எல்லையை மட்டும் வளைத்து ஒட்டி, உள்பக்கத்தைச் சாதாரண டேப்பால் நிரப்புங்கள்.

இப்போது ஸ்டென்சில் வெட்டுவது. வரைபடம் 1/72ல் கிடைத்தால் 206 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால் 1/35 ஆகிவிடும். 1/48 என்றால் 137 சதவீதம். அதைக் கட்டிங் மேட்டில் வைத்து, மேலே டேப் ஒட்டி, புது பிளேடால் வெட்டலாம். எல்லோரும் சொல்லும் வழி இது. பக்கவாட்டுக்கு நன்றாகவே வேலை செய்யும். முன் தகடுக்குப் போனதும் ஏமாற்றிவிடும்.

ஏன் என்று பாருங்கள். பாந்தரின் முன் தகடு செங்குத்திலிருந்து 55 டிகிரி சாய்ந்திருக்கிறது. முன்பக்க வரைபடத்தில் அந்தத் தகடின் உயரம், அதன் உண்மையான நீளத்தில் சுமார் 57 சதவீதம் மட்டுமே தெரியும். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் 82 சதவீதம் தெரியும். இரண்டில் எதை வைத்து வெட்டினாலும் ஸ்டென்சில் குட்டையாகிவிடும், பட்டைகள் அமுங்கிப்போகும், பக்கத்துத் தகடிலிருந்து வரும் பட்டையோடு சேராது. டி-34ன் முன் தகடு 60 டிகிரி. முன்பக்கப் படத்தில் சரியாகப் பாதிதான் தெரியும். சாய்ந்த தகடுகளுக்கு அச்சடித்த வரைபடத்தை அளவுக்கு நம்பாதீர்கள். வடிவத்துக்கு மட்டும் பாருங்கள்.

நான் செய்வது இது. அகலமான வாஷி டேப்பை மாடலின் முன் தகடு மேலேயே முழுக்க ஒட்டிவிடுகிறேன். ஒட்டும் வேகம் குறைய, முதலில் ஒருமுறை உள்ளங்கையில் ஒட்டி எடுத்துக்கொள்வது வழக்கம். மென்மையான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து டேப் மேல் லேசாகத் தேய்த்தால் தகடின் விளிம்பு, எந்திரத் துப்பாக்கியின் உருண்டை, விளக்குத் தாங்கி எல்லாம் டேப்பில் பதிந்துவிடும். அந்த டேப்பின் மேலேயே பக்கத்துத் தகடுகளிலிருந்து வரும் பட்டைகளைத் தொடர்ந்து வரைந்துவிடுகிறேன். பிறகு மெதுவாக எடுத்து, கண்ணாடி மேல் ஒட்டி, வெட்டி, பென்சில் தடத்தை வைத்து அதே இடத்தில் திரும்ப ஒட்டுகிறேன். கணக்கே வேண்டாம், அளவு தானாகவே சரியாக இருக்கும். மாடல் மேலேயே பிளேடால் வெட்டுவதை மட்டும் தவிருங்கள். எவ்வளவு லேசாக வெட்டினாலும் பெயிண்ட்டில் ஒரு கீறல் விழும். பின்னால் வாஷ் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த அடர் பெயிண்ட்) அடிக்கும்போது கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

டேப் சுருளின் இயற்கையான விளிம்பையும் நம்ப வேண்டாம். அதில் தூசும் நாரும் ஒட்டியிருக்கும். இரும்பு ஸ்கேல் வைத்து அரை மி.மீ. வெட்டி எறிந்துவிட்டு, புதிய விளிம்பை எல்லைக்கோட்டில் வையுங்கள். உங்களுக்கு வந்த கசிவில் பாதி இதனால் வந்திருக்கலாம்.

மீதிப் பாதி அடித்த விதத்தால் வந்திருக்கும். ஏர்பிரஷ்ஷை எப்போதும் மாஸ்க்கின் மேலிருந்து திறந்த பக்கத்தை நோக்கியோ, நேர் மேலிருந்தோ அடியுங்கள். திறந்த பக்கத்திலிருந்து டேப் விளிம்பை நோக்கி அடித்தால், காற்றே பெயிண்ட்டை டேப்புக்கு அடியில் தள்ளிவிடும். முதல் கை, அதாவது முதல் பூச்சு, ஈரமே இல்லாத மாதிரி மெலிதாக இருக்கட்டும். அது விளிம்பை அடைத்துவிடும். பிறகு இன்னும் இரண்டு மூன்று கை மெலிதாகப் போதும். ஒரே கையில் நிறம் ஏற்றப் பார்த்தால், விளிம்பில் பெயிண்ட் தேங்கிக் கசியும். கசியாவிட்டாலும் டேப் எடுத்ததும் விரலில் தட்டுப்படுகிற படி ஒன்று நிற்கும். என் ஏர்பிரஷ் 0.3 மி.மீ. நாசில், டமியா நிறுவனத்தின் அக்ரிலிக் பெயிண்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு, அழுத்தம் 15 பிஎஸ்ஐ சுற்றி, தூரம் 5 முதல் 8 செ.மீ. இது ஆரம்பப் புள்ளிதான். உங்கள் பெயிண்ட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டில் அடித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து, மூக்குக்கு ரெஸ்பிரேட்டர் போட்டுக்கொள்வதை மட்டும் எதற்காகவும் மாற்ற வேண்டாம்.

மிகக் கூர்மையான ஓரம் வேண்டும், அதே சமயம் பரப்பு முழுக்க வெல்டிங் தழும்பும் போல்ட் தலையும் இருக்கிறது என்றால், பழைய வித்தை ஒன்று உண்டு. டேப் ஒட்டியதும் விளிம்பின் மேல் முதலில் அடிநிறத்தையே ஒரு கை அடியுங்கள். கசிகிற ஓட்டைகள் இருந்தால் அடிநிறமே போய் அடைத்துக்கொள்ளும். மஞ்சள் மேல் மஞ்சள் கசிந்தால் யாருக்கும் தெரியாது. அது காய்ந்ததும் பச்சையை அடியுங்கள். பெர்லின் சீஃப்டனின் கட்டங்களுக்கு இதைத் தவறாமல் செய்வேன்.

அடுத்தது, பெயிண்ட் உரிந்து வருவது. எனக்கும் இது நடந்திருக்கிறது. முதன்முதலில் நேட்டோ மூன்று நிறத்தில் (பச்சை, பழுப்பு, கறுப்பு) அடித்த லெப்பர்ட் 2 மாடலில், டரட் பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சை முழுதும் டேப்போடு சுருண்டு வந்து, கீழே வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது. அன்று மூன்று தவறு செய்திருந்தேன். பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவவில்லை. அச்சிலிருந்து எடுக்கத் தடவும் எண்ணெயும் விரல் பிசுக்கும் அதில் இருந்தன. பிரைமர் அடிக்காமல், தண்ணீரில் கரையும் வினைல் வகைப் பெயிண்ட்டை நேராக அடித்துவிட்டேன்; அது பரப்பைக் கடித்துப் பிடிக்காது, தோல் மாதிரி மேலே உட்காரும். பத்தாததற்கு டேப்பை மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது கழுவாமலும் பிரைமர் இல்லாமலும் எதையும் தொடுவதில்லை. தண்ணீர் வகைப் பெயிண்ட் என்றால் 24 மணி நேரம் காய விட்டு டேப் ஒட்டுகிறேன். லாக்கர் வகை என்றால் சில மணி நேரம் போதும். ஒட்டுவதற்கு முன் வண்டியின் அடிப்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி இழுத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. உரிவதாக இருந்தால் அங்கே உரியட்டும். அடித்து முடித்ததும், பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தவுடனே டேப்பை எடுத்துவிடுங்கள். டேப்பின் நுனியை மடக்கி, பரப்போடு ஒட்டினாற்போல் பின்னோக்கி, மெதுவாக இழுக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் பெயிண்ட்டையும் தூக்கிக்கொண்டு வரும்.

உரிந்த இடத்தைப் பிரஷ்ஷால் நிரப்பினால் பள்ளம் பள்ளமாகவே தெரியும். 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, உரிந்த விளிம்பை விரலில் படி தட்டாத வரை தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமரிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். கேமோவில் ஒரு வசதி என்னவென்றால், சரிசெய்த இடம் தனியாகத் தெரிந்தால் ஒரு பட்டையைச் சற்று நீட்டி மூடிவிடலாம். 1943 வண்டி என்றால் அது வரலாற்றுத் தவறும் ஆகாது.

உங்கள் பாந்தரில் ஸிம்மெரிட் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. காந்த வெடிகள் ஒட்டாமலிருக்க, 1943 செப்டம்பர் வாக்கிலிருந்து 1944 செப்டம்பர் வரை தொழிற்சாலையில் பூசிய வரிவரியான பூச்சு அது. அது இருந்தால் டேப்பை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு வரிப் பள்ளமும் டேப்புக்கு அடியில் ஒரு வாய்க்கால். எத்தனை அழுத்தினாலும் பெயிண்ட் ஓடும். ப்ளூ டேக்கும் பள்ளங்களில் சிக்கிக்கொள்ளும், பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஸிம்மெரிட் பரப்புக்கு நான் உயர்த்திய காகித ஸ்டென்சிலோடு நிறுத்திக்கொள்வேன், இல்லாவிட்டால் மாஸ்க் இல்லாமல் கையாலேயே அடிப்பேன். திரவ மாஸ்க்கையும் அங்கே பயன்படுத்த வேண்டாம். ரப்பர் பால் மாதிரி இருக்கும் அது காய்ந்து பள்ளத்துக்குள் போய்விட்டால் முழுசாக வெளியே வராது. வழவழப்பான பரப்பில் ஜன்னல், விளக்குக் கண்ணாடி போன்றவற்றை மூட மட்டும் அதை வைத்திருக்கிறேன்.

நிறங்களின் வரிசைக்கு வருவோம். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். பச்சை மேல் மஞ்சள் ஏற வேண்டுமென்றால் நாலைந்து கை அடிக்க வேண்டும், ஓரத்தில் படி எழும்பிவிடும். உங்கள் வண்டிக்கு முதலில் முழுக்க மஞ்சள், டமியாவில் எக்ஸ்எஃப்-60. காய்ந்ததும் மென்மையான பென்சிலால் பச்சைப் பட்டைகளை மட்டும் லேசாக வரைந்து, பட்டி நூல் வைத்து, மீதிப் பரப்பை சிலிக்கான் பட்டியாலோ, டேப்பாலோ, மெல்லிய பிளாஸ்டிக் தாளாலோ மூடி, எக்ஸ்எஃப்-61 பச்சை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மறுநாள் எக்ஸ்எஃப்-64 செம்பழுப்புக்குத் தனியாகப் புதிய பட்டி. இரண்டு பட்டைகளும் ஒன்றையொன்று தொடாத கேமோவுக்கு இப்படித் தனித்தனியாகச் செய்வது நல்லது; நடுவில் எப்படி வருகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பச்சையிலும் பழுப்பிலும் பத்தில் ஒரு பங்கு மஞ்சளைக் கலந்து அடிப்பது என் பழக்கம். புட்டியில் இருக்கும் நிறத்தை அப்படியே அடித்தால் சின்ன மாடலில் மூன்று நிறமும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

நேட்டோ மூன்று நிறத்துக்கு வரிசை வேறு. அங்கே நிறங்கள் இடைவெளியில்லாமல் தொட்டுக்கொண்டிருக்கும். பச்சையை முழுக்க அடித்து, பச்சையாக இருக்க வேண்டிய இடத்தை மூடி, பழுப்பை அடித்து, பழுப்பாக இருக்க வேண்டியதையும் மூடி, மிச்சம் திறந்திருக்கும் இடத்தில் கறுப்பை அடித்து, எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுக்க வேண்டும். நடுவில் எதையும் எடுத்துப் பார்க்க முடியாது. வரைபடத்தில் ஒவ்வொரு திட்டுக்கும் எண் போட்டு, அதே எண்ணை டேப்பின் மேல் எழுதிக்கொள்ளாவிட்டால் கடைசியில் எங்கே எது என்று குழம்பிவிடும். நேட்டோ வண்டிகளில் ஒவ்வொரு ரகத்துக்கும் நிர்ணயித்த வடிவம் உண்டு என்பதால், இங்கே கற்பனைக்கு இடமில்லை.

டரட்டை நேராக முன்னால் திருப்பி வைத்துக்கொண்டே எல்லைகளை வரையுங்கள். அடிக்கும்போது கழற்றிக்கொள்ளலாம், வரையும்போது அது இடத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் உடலிலிருந்து எழும் பட்டை டரட்டில் தொடரும். பக்கவாட்டில் தொங்கும் மெல்லிய தகடுகளும் அப்படியே, மாட்டியபடி வரைந்துவிட்டுக் கழற்றுங்கள். பீரங்கிக் குழலுக்கு டேப்பைச் சுற்றும்போது வளையல் மாதிரி நேராகச் சுற்றாமல், சாய்வாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் பட்டை வெவ்வேறு இடத்தில் முடியும். சக்கரங்களின் ரப்பர் ஓரத்துக்கு மட்டும் தனி ஸ்டென்சில் செய்ய வேண்டியதே இல்லை. வரைபடக்காரர்கள் பயன்படுத்தும் வட்ட டெம்ப்ளேட் போதும். முதலில் சக்கரம் முழுக்க ரப்பர் நிறம். பிறகு பொருத்தமான வட்டத்தின் அடியில் சக்கரத்தை வைத்து நடுவில் மஞ்சள். பாந்தருக்கு இருக்கும் சக்கரங்களின் எண்ணிக்கைக்கு இது ஒரு மாலை நேரத்தை மிச்சப்படுத்தும்.

1944 கடைசி வண்டி என்று முடிவானால் இன்னொன்றையும் நினைத்துப்பார்க்கலாம். அப்போது வந்த பதுங்குதாக்குதல் கேமோவில், அடர் பட்டைகளுக்குள் மஞ்சள் புள்ளிகளும் மஞ்சள் பரப்பில் அடர் புள்ளிகளும் இருக்கும். மரத்தடியில் இலைகளுக்கு நடுவே விழும் வெயில் மாதிரி. இந்தப் புள்ளிகளை ஸ்டென்சிலில் அடிக்க ஆசை வரும். துளை போட்ட தகட்டை நகர்த்தி நகர்த்தி அடித்தால் புள்ளிகள் வரிசையில் நின்றுவிடும், கண் உடனே கண்டுபிடித்துவிடும். பட்டைகளை மட்டும் மாஸ்க் வைத்து அடித்துவிட்டு, புள்ளிகளை நுனி மெலிந்த பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக வைப்பதுதான் நன்றாக வருகிறது. ஒரு பாந்தருக்கு இரண்டு சாயங்காலம் ஆகும். அவசரப்படாமல் வையுங்கள்.

எல்லா மாஸ்க்கும் எடுத்த பிறகு மாடலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் படி தெரிந்தால் 3000 நம்பர் ஸ்பாஞ்ச் உப்புத்தாளால் நனைத்து லேசாக வருடிவிடலாம். எங்காவது கசிந்திருந்தால் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். ஏர்பிரஷ்ஷில் அடிநிறத்தை நன்றாக நீர்க்கவிட்டு, ஒரு காகித விளிம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்கு மட்டும் ஊதுங்கள். அதன் பிறகு ஒரு கை பளபளப்பான வார்னிஷ், அது காய்ந்ததும் எண்களும் சிலுவையும் ஒட்டுவது, கடைசியாக மேட் வார்னிஷ். மேட் அடித்ததும் மூன்று நிறங்களும் சற்று வெளிறி ஒன்றையொன்று நெருங்கும். ஓரம் போதுமான அளவு மங்கலா, இன்னும் கூர்மையா என்பதை அப்போது பார்த்து முடிவு செய்யுங்கள்; பளபளப்பில் பார்த்துவிட்டுத் திருத்தப் போக வேண்டாம்.